அடைக்கக் கூடாத சுவர்

மகன்,

இதை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நோர்வேஜிய மொழியில் எழுதினால் நீ ரயிலில் நின்றபடி கண்ணை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவாய், அதோடு கதை முடிந்துவிடும். தமிழென்றால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். சனிக்கிழமைக் காலையில் உன்னைப் போர்வைக்குள் இருந்து இழுத்தெடுத்துத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தில் திவ்யாவைக் கேள். அவள் கோயம்புத்தூர்க்காரி, என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுச் சிரித்தாலும் உன்னுடைய மனைவி அர்த்தத்தைச் சரியாகச் சொல்லிவிடுவாள். இதை நான் ஒளித்தும் எழுதவில்லை. இங்கே தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இதையே கொடுக்கப்போகிறேன். ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் இந்தப் புருசெத்தில் என்னைப் போலப் பிள்ளைக்குப் பக்கத்தில் வீடு பார்த்து வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார் பலர் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும். உன் பெயரை எழுதமாட்டேன், பயப்படாதே. எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

விஷயத்துக்கு வருகிறேன். இலையுதிர்கால விடுமுறையில் அப்பாவும் நானும் உன் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பார்க்க இங்கிலாந்து வந்தோம். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் நான் வந்தது உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகத்தான். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருக்கும் வீடு விற்பனைக்கு வந்திருந்தது. அங்கே இருந்த நோர்வேக்காரப் பெண்மணி மகளோடு இருக்க லில்லெஸ்ட்ரோமுக்குப் போய்விட்டார். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் வீடு விற்கும்போது அங்கத்தவர்களுக்குத்தான் முதல் உரிமை, அதிலும் கனகாலம் அங்கத்தவராக இருப்பவருக்கு. நீ பிறந்த கையோடு உன்னை அங்கத்தவனாகச் சேர்த்தவள் நான். தவணைக்குள் "வேண்டும்" என்று அறிவித்தால் அந்த வீடு உனக்குத்தான், யாரும் முந்த முடியாது. நீயோ அந்தக் கடைக்கு நீண்டகாலக் குத்தகையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

கடைசியில் விமான நிலையத்தில் வைத்து நீ அந்த முடிவை என் கையில் தந்துவிட்டுப் போனாய். தவணை இன்று மதியத்தோடு முடிந்தது. நான் என்ன செய்தேன் என்று கடைசியில் சொல்கிறேன், இப்போதே தாளைத் திருப்பிப் பார்க்காதே. அதற்கு முன் உன் கட்டடத்தைப் பற்றி எழுத வேண்டும். திரும்பி வந்த நாள் தொடக்கம் எனக்கு அதே யோசனைதான். கேட்டுக் கேட்டு அப்பாவுக்குக் காது புளித்துப் போய்விட்டது.

முதல் நாள் சந்தியில் நின்று நீ கையை நீட்டிக் காட்டியபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. கீழே கடை ஒழுங்காக ஒதுங்கி நிற்கிறது. மேல்தளமோ தெருவுக்கு மேலே தொந்தியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதுவும் ஒரு பக்கம் மட்டுமா? மூலைக் கட்டடம் என்பதால் இரண்டு தெருப்பக்கமும் தள்ளிக்கொண்டு நிற்கிறது. வெள்ளைச் சுவருக்கு இடையே கறுத்த மரங்கள். அவற்றில் ஒன்றாவது நேராக இருக்க வேண்டுமே! யன்னல் ஒரு பக்கம் சரிவு, கூரை மறுபக்கம் சரிவு. "என்னடா தம்பி, குடிச்சுப்போட்டு நிக்குதோ?" என்று கேட்டேன். "ஐந்நூறு, அறுநூறு வருசமா இப்பிடித்தான் நிக்குது, அம்மா," என்றாய். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "இஞ்சாலை வாரும், அதுக்குக் கீழை நிக்காதையும். இவ்வளவு காலமும் நிண்டது உம்மைக் கண்டவுடனை விழுந்தாலும் விழும்." திவ்யா சிரித்த சிரிப்பில் தெருவால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். புருசெத்தில் குடியிருப்புச் சங்கத் தலைவியாக இருந்து எங்கள் பிளாக்குகளின் வெளிச்சுவர் முழுவதையும் திருத்துவித்தவள். ஈரம் பிடித்த சுவர் என்றால் எனக்குப் பகை. அந்த நாளில் வாங்கிய ஈரம் பார்க்கும் கருவியைச் சீலைக்குள் சுற்றிப் பயணப் பையில் கொண்டுவந்திருந்தேன். அதில் இரண்டு ஊசி முனை இருக்கும், சுவரில் அல்லது மரத்தில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று காட்டும், கூடினால் கத்தும். திவ்யா ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன பிறகு, நீ கீழே யாருக்கோ கண் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேல்மாடியில் தொடங்கிக் கீழே தெருவரைக்கும் தேடினேன். எங்காவது ஒரு உக்கல், ஒரு பூஞ்சணம் கிடைத்தால் போதும், "தம்பி, இது உழுத்துப்போச்சு, வா வீட்டை போவம்" என்று சொல்லிவிடலாம். கோதாரி, எல்லாம் காய்ந்து கிடந்தது! உன் கண்ணாடிக் கடைக்கு முன்னால், தெருவோரம், சுவருக்கு அடியில் கிடக்கும் மரத்தின் ஒரு மூலையில் மட்டும் கருவி கத்தியது. வெளியே அந்த இடத்தில் சீமெந்து பூசியிருந்தது. சரி, ஒன்றாவது அகப்பட்டது என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் நான் சமைக்க இறங்கினேன். வெங்காயம் ஒன்று கைதவறி விழுந்தது. விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்க வேண்டாமா? அது தன்பாட்டில் மெல்ல மெல்ல உருண்டு, அறையைக் கடந்து, தெருப்பக்க மூலைக்குப் போய், அங்கே இருந்த ஒரு பிரம்புக் கூடைக்குள் போய் விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த திவ்யா சொன்னாள்: "எல்லாமே அங்கதான் போகும், அத்தை. அதான் கூடையைச் சாய்ச்சு வச்சிருக்கேன். காலைல போய்ப் பார்த்தா பேனா, எலுமிச்சம்பழம், அவரோட மாத்திரை, எல்லாம் அதுல இருக்கும்." மகன், உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, அதனால் சொல்கிறேன். நான் என்றால் அந்தத் தளத்தை மட்டமாக்கும் வரைக்கும் வீட்டில் ஒருவரையும் நித்திரை கொள்ள விட்டிருக்கமாட்டேன். அவள் கூடை வைத்தாள். உன்னிடமும் கோணல்கள் உண்டு, சின்ன வயதில் இருந்தே எனக்குத் தெரியும். நீ கோபம் வந்தால் நாள்கணக்கில் வாய் திறக்கமாட்டாய். அவள் உன்னைத் திருத்தப் புறப்படாமல் எங்கெங்கே கூடை வைத்திருக்கிறாள் என்று பார். பார்த்துவிட்டு அவளிடம் நன்றி சொல். மனதுக்குள் சொல்லாதே, வாயால் சொல்.

உன் கடைக்குள் தொங்கும், கண் சோதிக்கிற அந்த எழுத்துப் பலகையையும் நான் மறக்கவில்லை. கண் பார்க்க இப்போது எல்லாம் திரையில் வந்துவிட்டாலும் அழகுக்கு ஒன்றை மாட்டியிருக்கிறாய். மட்டம் பார்த்து ஒழுங்காக மாட்டினாயாம். வந்தவர்கள் எல்லோரும் பலகை சரிந்திருக்கிறது, சரிந்திருக்கிறது என்று முறையிட்டார்களாம். பின்னால் இருக்கிற மரம் சரிந்திருப்பதால் நேரான பலகை அவர்களுக்குக் கோணலாகத் தெரிந்திருக்கிறது. நீ அதைக் கழற்றி, மரத்தின் சரிவுக்கே மாட்டிவிட்டாய். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. கண் கடை வைத்திருக்கிறவன் சொல்லுகிற கதையா இது? நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் இரவு படுக்கையில் கிடந்து அதை யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. எது நேர், எது கோணல் என்று நான் இவ்வளவு காலமும் எதை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

அடுத்த நாளில் இருந்து, உள்ளதைச் சொல்கிறேன், குறை தேடுவதை மறந்து போனேன். எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் விடுப்பு, எல்லாவற்றையும் அறிகிற ஆசை, வந்துவிட்டது. நீயும் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் எனக்குக் காட்டினாய். தெருவுக்கு முகம் பார்த்திருக்கும் அந்த அகன்ற வாசல்களில் அந்தக் காலத்தில் கண்ணாடி கிடையாதாம், மரக் கதவுதானாம். மேல் கதவை உயர்த்திக் கட்டினால் மழைக்குக் கூரை, கீழ்க் கதவைக் கீழ்நோக்கி மடித்தால் சாமான் பரப்புகிற மேசை. வாங்க வருகிறவர் தெருவில் நிற்பார், விற்கிறவர் உள்ளே நிற்பார், இடையில் அந்தப் பலகை. பொழுது பட்டால் இரண்டையும் மூட வேண்டியதுதான், கடை பெட்டியாகிவிடும். பின்னால் வீடு, மேலே படுக்கை. ஒஸ்லோவில் வேலைக்குப் போய் வருவதற்கு என் வாழ்நாளில் பாதி தெ-பானே என்கிற சுரங்க ரயிலில் போய்விட்டது. நீ படியால் இறங்கினால் வேலை, ஏறினால் வீடு. அந்த யோசனை எனக்குப் பிடித்தது என்பதை அன்று நான் உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மூலைத் தூணைக் காட்டினாயே, அதுதான் என்னைச் சாய்த்தது. கீழே ஒல்லியாக இருக்கிறது, மேலே போகப் போகத் தடிக்கிறது. மரத்தைத் தலைகீழாக நட்டிருக்கிறார்கள்! "அம்மா, மரத்தின்ரை அடிப்பக்கம் வேர் பிரியிற இடத்திலை அகலமெல்லோ? அந்த அகலம் அவையளுக்கு மேலை தேவைப்பட்டது. இரண்டு தெருப்பக்கத்துப் பாரமும் அதிலைதான் வந்து குந்துது," என்றாய். நான் தூணின் தடித்த மேல்பக்கத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், என் கை எட்டவில்லை. எங்கள் ஆட்கள் தூணுக்கு மரம் எடுத்தால் அடி அடியாக, தலை தலையாக நிற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பார்கள். மரத்தைக் கவிழ்த்து வைத்தால் குடி கவிழும் என்று பயப்படுவார்கள். இங்கே கவிழ்த்து வைத்த மரத்தின் மேலே ஒரு வீடே இருபது தலைமுறையாகக் குந்திக்கொண்டிருக்கிறது. அந்தத் தூணின் தலையில் இருந்து ஒரு பெரிய உத்தரம் அறையின் குறுக்கே கோணலாக உள்ளே ஓடுகிறது. ஏன் அப்படி என்று கேட்டேன். இரண்டு பக்கமும் வெளியே நீள வேண்டுமென்றால் தளத்துச் சட்டங்கள் எல்லாம் ஒரே திசையில் ஓட முடியாது, பாதி ஒரு தெருவுக்கும் பாதி மற்றத் தெருவுக்கும் திரும்ப வேண்டும், அந்தத் திருப்பத்தில் இரண்டையும் தாங்க ஒன்று வேண்டும் என்றாய். கையில் விரித்த விசிறி மாதிரி இருந்தது. சரி, மேல்தளத்தை ஏன் வெளியே நீட்டினார்கள் என்று கேட்டதற்கு நீ மூன்று காரணம் சொன்னாய். மேலே இடம் கூடும், கீழே சாமானுக்கு மழை படாது, நீண்டு நிற்கும் முனையில் சுவரின் பாரம் ஏறினால் நடுவில் தளம் தொய்யாது. "இதிலை எது சரி?" என்றேன். "ஒருத்தருக்கும் நிச்சயமாத் தெரியாது, அம்மா. பக்கத்துக் கடைக்காரன் நீட்டினபடியா இவனும் நீட்டியிருப்பான்." அது எனக்கு நன்றாக விளங்கியது. புருசெத்தில் ஒரு வீட்டுக்காரர் பல்கனிக்குக் கண்ணாடி போட்டால் அடுத்த மாதம் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

பிறகு என்னைக் கூரைக்குக் கீழே ஏற்றினாய். அப்பா முழங்காலைக் காட்டி மறுத்துவிட்டார், நான் ஏறினேன். நீ வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்துக் காட்டினாய். ஒவ்வொரு மரமும் மற்ற மரத்தைச் சந்திக்கிற இடத்தில் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒரு கோடு உள்ள மரம் ஒரு கோடு உள்ள மரத்தோடு, இரண்டு கோடு இரண்டு கோட்டோடு. தச்சர்கள் முழுச் சட்டகத்தையும் தங்கள் பட்டறையில் நிலத்தில் கிடத்தி வெட்டிப் பொருத்திப் பார்த்து, அடையாளம் கீறி, பிறகு கழற்றி வண்டியில் ஏற்றி வந்து இங்கே நிமிர்த்தினார்களாம். எனக்குப் புல்லரித்துவிட்டது, மகன். எங்கள் பிளாக்கும் அப்படித்தானே பிறந்தது! எங்கோ தொழிற்சாலையில் கொங்கிரீட் பலகைகளாக வார்த்து, எண் போட்டு, லொறியில் கொண்டுவந்து, கிரேன் தூக்கி வைத்தது. வெளிச்சுவரைத் திறந்து திருத்தியபோது அந்த எண்கள் தெரிந்தன. உன்னைச் சாரத்தில் ஏற்றிக் காட்டினேன், நினைவிருக்கிறதா? நீ ஒன்பதாம் வகுப்போ என்னவோ, "ஓம் அம்மா, வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு நீ ஒன்றையும் காதில் வாங்கவில்லை என்று எனக்குக் கோபம். இப்போது நீ எனக்கு அந்தக் கோடுகளைக் காட்டியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன்னை இவ்வளவு ஆசையோடு ஒரு விஷயத்தைக் கதைத்து நான் கேட்டதே இல்லை.

இவ்வளவும் அறிந்த பிறகும் நான் செய்த வேலையைப் பார்.

வெள்ளிக்கிழமை குளிர் இறங்கிவிட்டது. மேலறையில் மரத்துக்கும் சுவருக்கும் இடையே இருக்கிற வெடிப்புகளால் காற்று கீற்றுக் கீற்றாக வந்தது. கையை வைத்துப் பார்த்தேன், தாங்க முடியவில்லை. என் பிள்ளை இதற்குள்ளா படுக்கிறான்? சந்திக்கு அப்பால் இருந்த கடைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிலிக்கன் பசைக் குழாய்களும் அதை அமத்தும் துப்பாக்கியும் வாங்கினேன். அப்பா வாசலிலேயே சொன்னார்: "இஞ்சேரும், பெடியனைக் கேக்காமல் ஒண்டும் செய்யாதையும்." நான் கேட்கவில்லை. ஒஸ்லோவில் ஒரு வெடிப்பைக் கண்டால் அடைக்காமல் விட்டவளா நான்? நீங்கள் இருவரும் வேலையாக இருந்த நேரத்தில் அந்த வடக்குச் சுவர் முழுவதும், மரத்தின் ஓரம் ஓரமாக, விரலில் தண்ணீர் தொட்டு வழித்து, கலியாணக் கேக்குக்கு ஐசிங் போட்ட மாதிரி வடிவாக அடைத்து முடித்தேன். அறை கணகணவென்று ஆகியது. நீ மேலே வரும்போது மெச்சுவாய் என்று தேத்தண்ணியோடு காத்திருந்தேன்.

நீ வந்தாய். பார்த்தாய். கத்தவில்லை. ஒரு மெல்லிய மரக்குச்சியை எடுத்து, நிலத்தில் குந்தி, அதைத் தோண்டத் தொடங்கினாய். "தம்பி, குளிரடிக்குமடா," என்றேன். "அம்மா, இந்த மரம் பச்சையா வெட்டிப் பச்சையாவே வைச்ச மரம். வைச்ச பிறகுதான் காஞ்சது, காயேக்கைதான் முறுகினது. அது முறுகும் எண்டு அவையளுக்குத் தெரியும். அதுக்காகத்தான் இரும்பு ஆணி அடிக்காமல் மர ஆணி இறுக்கினவை. இண்டைக்கும் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். தண்ணி உள்ளை போகும், போனது வெளியாலை வரோணும். நீங்கள் அடைச்சா வராது. உள்ளுக்கை, எங்களுக்குத் தெரியாத இடத்திலை, உக்கும்." திவ்யாவும் வந்து உடுப்பு மாற்றாமலே உன் பக்கத்தில் குந்திவிட்டாள். அந்தக் கட்டடத்தில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அனுமதி கேட்க வேண்டும் என்பதும், அடுத்த நாள் கட்டடத்துக்காரப் பெண்மணி குத்தகை பேச வர இருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்பாவும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மற்ற மூலையில் இருந்தார். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு உன் சொல்லில் நம்பிக்கை வரவில்லை. நானாவது விடுகிறதாவது? கருவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சீமெந்து பூசிய அந்த மூலையில் திரும்பக் குத்தினேன், கத்தியது. பூச்சு உடைந்திருந்த இடத்தில் விரலை விட்டேன், மரம் ஊறிய விசுக்கோத்து மாதிரிப் பிதுங்கியது. மேலே வந்து, காற்று விசிலடித்த வடக்குச் சுவரில் குத்தினேன். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. யாரோ முன்பு இருந்தவர் என்னைப் போலவே ஒரு அக்கறைக்காரர், குளிரும் மழையும் வரக் கூடாது என்று சீமெந்தால் அடைத்திருக்கிறார். அந்தக் கட்டடம் முழுவதிலும் உக்கிய இடம் அது ஒன்றுதான். நான் குற்றம் பிடிக்கக் கொண்டுவந்த கருவியே என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

நீ பார்னஹாகே என்கிற பாலர் பள்ளியில் இருந்த காலம் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. முதல் குளிர்காலம். மத்தியானம் உன்னைப் பார்க்கப் போனால், பிள்ளைகள் எல்லோரையும் தள்ளுவண்டியில் வைத்து வெளியே, பனிக்குள், நித்திரையாக்கி விட்டிருந்தார்கள். நான் பதறிப்போய் உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். உன் கன்னம் சிவந்து சூடாக இருந்தது. உள்ளே கொண்டு வந்ததும்தான் நீ விழித்து வீரிட்டாய். அந்த ஆசிரியை சிரித்துக்கொண்டு, "அவன் வெளியே நன்றாகத்தானே படுத்திருந்தான்," என்றார். நான் கேட்டேனா? வீட்டில் உன் அறை யன்னலின் ஓரமெல்லாம் ஒட்டு நாடா ஒட்டினேன். வளர்ந்த பிறகு நீ கொங்ஸ்பெர்க்கில் கண் படிப்புக்குப் போனபோது ஒவ்வொரு வெள்ளியும் வீட்டுக்கு வரவேண்டும் என்று சட்டம் போட்டேன். பயப்படாதே, கட்டடத்தையும் உன்னையும் சேர்த்து வைத்துப் பெரிய உபதேசம் செய்யப்போவதில்லை. ஆனால் குச்சியால் பசை தோண்டிக்கொண்டிருந்த உன் முதுகைப் பார்த்தபோது இதுதான் ஞாபகம் வந்தது, வந்ததை எழுதுகிறேன்.

அன்றைய சாப்பாட்டில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மேல்வீடு விற்பனைக்கு வந்த கதையைச் சொன்னேன். அப்பாவின் முழங்காலை இழுத்தேன். அவருக்கு ஏலாது, எனக்கும் வயதாகிறது, படியேறி வந்தால் பிள்ளை இருக்கிறான் என்றால் ஒரு தைரியம் என்றேன். அப்பா, "என்ரை முழங்காலை விடும்," என்று சொன்னது உண்மை. நீ சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாய்: "நீங்கள் கடை பாக்க வரேல்லை, அம்மா. என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்கள்." திவ்யா எழும்பி என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

விமான நிலையத்தில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை. "நீங்கள் வேணும் எண்டு அறிவிச்சா நாங்கள் வாறம், அம்மா. திவ்யாவும் ஓம் எண்டுட்டா. குத்தகையைத் தவணை முடியும் வரைக்கும் பிற்போடச் சொல்லியிருக்கிறன். ஆனா நானாக் கேட்டு வரேல்லை எண்டது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்." சொல்லிவிட்டு என் பையைத் தூக்கித் தந்தாய். நீ சண்டை பிடித்திருந்தால் நான் வென்றிருப்பேன். சண்டையில் உன்னை வெல்ல எனக்குத் தெரியும். நீ விட்டுக்கொடுத்துவிட்டாய், அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே வந்து நான் சும்மா இருக்கவில்லை. அப்பாவை இழுத்துக்கொண்டு பிக்டோயில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய் நோர்வேயின் பழைய மர வீடுகளைப் பார்த்தேன். இவர்கள் மரத்தைப் படுக்கப்போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் பூட்டுகிறார்கள், உன் ஊர்க்காரர் மரத்தை நிமிர்த்தி நிறுத்தி இடைவெளியை நிரப்புகிறார்கள். எதை வைத்து நிரப்பினார்கள் என்று நீ சொன்னதைக் கேட்டு அப்பா இன்னும் சிரிக்கிறார். பின்னிய குச்சி, களிமண், வைக்கோல், மாட்டுச் சாணம்! வெள்ளைக்காரனின் சுவருக்குள் சாணம் இருக்கிறது என்று அம்மருட்டில் இருக்கிற தன் சிநேகிதர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பிறகு ஒரு நாள் எங்கள் பிளாக்கின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பலகைக்கும் பலகைக்கும் இடையே நான் நின்று அடைப்பித்த பசை நன்றாகத்தான் இருக்கிறது. நான் செய்தது பிழை இல்லை, மகன். இந்தக் கட்டடத்தை அடைத்தால்தான் அது வாழும், உன்னுடையதை அடைத்தால் அது சாகும். இரண்டையும் ஒரே கையால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் பிழை.

இன்று காலையில் இருந்து கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையில் இருந்தேன். ஒரு அழுத்து அழுத்தினால் நீ என் தலைக்கு மேலே இருப்பாய். உன் காலடிச் சத்தம் கேட்கும். திவ்யாவின் குழம்பு மணம் படியால் இறங்கி வரும். நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை பிறந்தால் அது மேலே ஓடித் திரிவது எனக்குக் கீழே கேட்கும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பிறகு, இவ்வளவும் கிடைத்த பிறகு உன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கூரைக்குக் கீழே வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் அங்கே வரவில்லை. என் பையைத் தூக்கித் தந்த முகம்தான் வந்தது. அப்பா வந்து கதவடியில் நின்று, "அறிவிச்சிட்டீரே?" என்று கேட்டார். "இல்லை," என்றேன். மணியைப் பார்த்தார், தவணை முடிந்திருந்தது. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் அழுதேன். அவரும் அழுதார் என்று எழுதினால் கோபிப்பார், எழுதுகிறேன்.

ஆகவே போய்க் கையெழுத்துப் போடு. அந்த மூலைச் சீமெந்தை ஆள் பிடித்து உடைப்பித்து, உக்கியதை வெட்டி எடுத்து நல்ல மரம் பொருத்தச் சொல், மாரிக்கு முன்னம் செய். மேல்வீட்டை யாரோ ஒரு இளம் குடும்பம் வாங்குகிறதாம், கைக்குழந்தை இருக்கிறதாம். குழந்தை அழுதால் எனக்குக் கேட்கும், நான் போய்க் கதவைத் தட்டாமல் இருக்கப் பழக வேண்டும்.

உன்னை என் பக்கத்துக்கு இழுக்க என்னிடம் இருந்த உரிமை இன்றோடு போய்விட்டது, மகன். இனி நீ ஒரு நாள் புருசெத் நிலையத்தில் இறங்கி, மேடேறி, எங்கள் மணியை அடித்தால், அது நான் கூப்பிட்டதற்காக இருக்காது, உனக்கு வரவேண்டும் போல இருந்ததற்காக இருக்கும். அப்படி நீ எப்போதாவது வருவாயா என்று நான் இதுவரை பார்த்ததே இல்லை, ஏனென்றால் நான் கூப்பிடாமல் விட்டதே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அதைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது.

அம்மா